எச்.டி.யில் தம்பி

கொழும்பில் அண்ணன் டிரைவராக இருக்கும் வீட்டில் எது பழசானாலும் அது மலை ஏறி எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சூடேறும் இஸ்திரிப் பெட்டி, மூடி தொலைந்த குக்கர், இந்தப் பூனாகலைக் குளிரில் யாருக்கு வேண்டும் என்று தெரியாத ஒரு காற்றாடி என்று வீட்டில் ஒரு மூலை முழுக்க அவர்கள் தள்ளிவிட்ட குப்பைதான். அண்ணன் அதையெல்லாம் தூக்கிக்கொண்டு படியேறும் தோரணையைப் பார்த்தால் யாரோ சீர் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தம்பி செத்த வருஷத் தீபாவளிக்கு அவன் கொண்டுவந்தது ஒரு கறுப்புப் பெட்டி. சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. டி.வி.யோடு ஒயர் போட்டு இணைத்தால் பென் டிரைவில் இருப்பதையெல்லாம் டி.வி.யில் காட்டும், இன்டர்நெட் கொடுத்தால் உலகத்துப் படமெல்லாம் இறங்கும் என்றான். எங்கள் லயத்தில் ஒரு போன் பேசுவதற்கே கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். உலகத்துப் படம் எங்கே இறங்குவது? ஆனால் பென் டிரைவில் அவன் போட்டுக் கொண்டுவந்த பழைய பாட்டுகள் நன்றாகவே ஓடின. ‘துரை வீட்டுச் சாமான்’ என்று பெருமையாக அதைத் தடவிக் கொடுத்தான்.

துக்க வருஷம் என்பதால் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. பக்கத்து வீட்டு அத்தை கொடுத்துவிட்ட முறுக்கைத்தான் அண்ணன் கடித்துக்கொண்டிருந்தான். கடித்துக்கொண்டே, பஸ்ஸில் யாரையோ பார்த்ததைச் சொல்வதுபோல, “தம்பி மதன் வேஷம் கட்டுன கூத்து டி.வி.யில போட்டாங்கல்ல, அது எங்கிட்ட இருக்கும்மா. எச்.டி.யில ரெக்கார்ட் பண்ணி வெச்சேன்,” என்றான்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“எழுப்புறது இருக்கா?”

“முழுசும் இருக்கு.”

“எழுப்புறது இருக்கான்னு கேட்டேன்.”

“இருக்கும்மா. முழுசும்னா அதுவும் சேத்திதானே.”

தம்பி செத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இத்தனை நாள் இந்த மனுஷன் இதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டானாம். எனக்கு அந்த முறுக்கைப் பிடுங்கி வெளியே எறியலாம் போல இருந்தது.

அம்மா எதற்கு அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். ரதியையும் மதனையும் ஆடவிட்டு, சிவன் கண்ணைத் திறந்து மதனை எரித்து, பிறகு ரதியின் அழுகைக்கு இரங்கி அவனை எழுப்புவதுதான் கதை. எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். எங்கள் தோட்டத்தில் மட்டும் ஒரு வழக்கம் கூடுதலாக உண்டு. எரித்த பிறகு மதன் வேஷக்காரன் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு கிடப்பான். எழுப்பும்போது அவனைப் பெற்றவள் செம்புத் தண்ணீரோடு வந்து, துணியை விலக்கி, முகத்தில் தெளித்து, அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட வேண்டும். “வந்துட்டேன்” என்று அவன் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவன் அவள் பிள்ளை இல்லை, மதன். கூப்பிடாமல் விட்டால் பிள்ளை பாதி அந்தப் பக்கமே நின்றுவிடும் என்பார்கள்.

தம்பி வேஷம் கட்டிய வருஷம் பார்த்து அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பித்தப்பையில் கல். எரிக்கிற அன்றைக்குக் காலையில்தான் வலி தாங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கூத்து வாத்தியார் யோசித்துப் பார்த்து, கூடப் பிறந்தவள் கூப்பிட்டாலும் சரிதான் என்று செம்பை என் கையில் கொடுத்தார். நான் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து தையல் மெஷினோடு அம்மா வீட்டில் இருப்பவள். அவன் என்னை விட்டானா, நான் அவனை விட்டேனா என்பது என் சமாச்சாரம். ஆனால் ஊர் வாய்க்கு நான் வாழாவெட்டி. வாழாவெட்டி கையில் செம்பா என்று அன்றைக்கே நாலு பேர் முணுமுணுத்தார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நான் தெளித்தேன். கூப்பிட்டேன். மூன்று தரமும் கூப்பிட்டேன். தம்பி கண்ணைத் திறந்தான், வாயை அசைத்தான். தப்பு மேளச் சத்தத்தில் அவன் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அந்த வருஷம் கொழும்பிலிருந்து டி.வி.க்காரர்கள் படம் பிடிக்க வந்திருந்தார்கள். பெரிய கேமராவும், நீளமான கம்பு நுனியில் மைக்கும் வைத்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே நின்றார்கள். கொஞ்ச நாள் கழித்து அது டி.வி.யில் வந்தது. வந்த நேரத்தில் எங்கள் மலையில் கரண்ட் கட். அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். ‘போனா போவுது, நான்தான் நேர்லயே இருக்கேனே, பாத்துக்கங்க,’ என்று தம்பி சிரித்தான்.

அதே வருஷம் ஆடி மாதம், வெலிமடையிலிருந்து கொழும்புக்கு லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிப்போன லொறியில் உதவியாளாகப் போனவன், பெரகலைக்குக் கீழே வளைவில் பிரேக் பிடிக்காமல் லொறியோடு உருண்டான். சவப்பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம், முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்றார்கள். அம்மா பெட்டியின் மூடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து எல்லார் முன்னாலும் கேட்டாள்.

“நீ அன்னிக்குக் கூப்புட்டியாடி?”

பிணத்தை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது? கூப்பிட்டேன் என்றேன். “வாய்க்குள்ள மொணமொணன்னு சொல்லியிருப்ப. ஒனக்கு எதுலதான் வாய் தெறந்துச்சு, புருஷங்கிட்டத் தவிர,” என்றாள். அழுதுகொண்டிருந்தவர்களில் ரெண்டு பேர் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகு தினமும் இதே பாட்டுதான். கொழுந்து எடுத்துவிட்டு வந்து கூடையை இறக்கும்போது ஒரு தரம், சோற்றில் கை வைக்கும்போது ஒரு தரம். எனக்குச் சோறே இறங்காமல் போய்விட்டது.

அதனால்தான் அண்ணன் சொன்னதும் அம்மா எழுப்புறது இருக்கா என்று கேட்டாள். அவளுக்குத் தன் பிள்ளையை யாரோ முறையாகக் கூப்பிட்டுத் திருப்பி வாங்கினார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டும். ‘பாத்துக்கம்மா, நல்லாப் பாத்துக்க’ என்று சொல்லிவிட்டு ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன வேண்டும்.

மறுபடி தைப்பொங்கலுக்கு வந்தபோது அண்ணன் கூத்தை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்தான். துரை வீட்டு டிஷ் பெட்டியில் பதிந்ததை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சும்மா வந்தானா? மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. முன்வாசலிலும் ஆள். கல்யாண வீடு மாதிரி அண்ணன் எல்லாருக்கும் பிளேன்டீ கொடுக்கச் சொன்னான். ஊற்றியது நான்.

அம்மா டி.வி.க்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்தாள். மறைக்குது என்று யாரோ சொன்னதற்கு, “எம் மகன் செத்ததப் பாக்க வந்தீங்களா, ஆடுனதப் பாக்க வந்தீங்களா?” என்று திரும்பாமலே கேட்டாள்.

அண்ணன் ரிமோட்டை அமுக்கினான். முதலில் எங்கள் மலை வந்தது. இலை இலையாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ‘எச்.டி., எச்.டி.’ என்று அண்ணன் எல்லாரையும் பார்த்துச் சொன்னான். பிறகு தப்புச் சத்தம் எழும்பியது. தம்பி வந்தான். பச்சை அரிதாரமும் கிரீடமும் கரும்பு வில்லுமாக, கேமராவைப் பார்த்துக்கொண்டே வந்தான். அம்மா இன்னும் முன்னால் நகர்ந்தாள். அவன் ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய கால் இறங்கவில்லை.

படம் நின்றது. தம்பியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரு கண் மேலேயும் வாய் காதுப் பக்கத்திலும் போய் நின்றது. சத்தம் விக்கி விக்கி வந்து அதுவும் நின்றது. பெட்டி தானாகவே அணைந்து, மறுபடி எரிந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. மலை வந்தது, இலை வந்தது, தம்பி வந்து காலைத் தூக்கினான், முகம் உடைந்தது. அண்ணன் திரும்பத் திரும்பப் போட்டான். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தம்பியின் முகம் சிதறியது. மூடிய சவப்பெட்டிக்குள்ளே என்ன இருந்திருக்கும் என்று நான் நினைக்காமல் இருந்த ஒன்றை அந்தப் பெட்டி அம்மாவுக்கு எச்.டி.யில் காட்டிக்கொண்டிருந்தது.

“போதும், நிப்பாட்டு,” என்றேன்.

அண்ணனுக்கு ஊர் முன்னால் அவமானம். சமாளிக்க வேண்டுமே. “உசுரோட இருக்கயில ஒரு எடத்துல நின்னானா அவன்? இப்பப் பாருங்க, நல்லா நிக்கிறான்,” என்று சிரித்தான். வாசலில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

அம்மா திரும்பினாள். சத்தம் போடவில்லை. “அந்த லொறியில நீ போயிருக்கலாம்டா,” என்றாள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கையில் ரிமோட்டோடு அப்படியே நின்றான். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கோப்பையை வைத்துவிட்டு நழுவினார்கள். அண்ணன் மேல் எனக்கு ஆயிரம் எரிச்சல் உண்டு. ஆனாலும் பெற்றவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் எந்தப் பிள்ளைதான் தாங்கும்? அவன் மறுநாளே முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். பெட்டியையும் ஹார்ட் டிஸ்க்கையும் விட்டுவிட்டுத்தான் போனான். அதுவரைக்கும் அவனுக்குப் புண்ணியம்.

நான் அதைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனும் கம்ப்யூட்டரும் திருத்துகிற ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருக்கிறது. பொறுமையான மனுஷன். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டார், தம்பி தடங்கல் இல்லாமல் ஆடினான். நான் பெட்டியைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நானா சிரித்தார்.

“இது பழைய சாமான் தங்கச்சி. இது வந்த காலத்துல இவ்வளவு பெரிய படம் இல்ல. டி.வி.ல வந்த எச்.டி.ய அப்படியே குடுத்தா இதால தாங்க ஏலாது. படத்தச் சின்னதாக்கித் தாறன், ஓடும்.”

“கடைசி வரைக்கும் ஓடுமா?”

“ஓடும்.”

அவர் மாற்றி முடிக்கும்வரை நான் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் அம்மாவோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அவள் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டுமே. மாற்றியதைக் கம்ப்யூட்டரில் ஓரிரு இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு நானா பென் டிரைவைக் கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

இந்தத் தடவை ஊரைக் கூட்டவில்லை. அம்மாவும் நானும், கூப்பிடாமலே வந்த பக்கத்து வீட்டு அத்தையும்தான். கூத்து நடந்த அன்று என் பக்கத்தில் நின்றவள் அவள். சாட்சிக்கு ஆகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

படம் ஓடியது. எங்கும் நிற்கவில்லை. இலையை எண்ணமுடியாதபடி கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். தம்பி வந்தான், காலைத் தூக்கினான், இறக்கினான். நான் மூச்சு விட்டேன். பிறகுதான் கவனித்தேன், சத்தம் இல்லை. டி.வி.யில் கூட்டினேன். பெட்டியில் கூட்டினேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். தப்புக்காரர்கள் குனிந்து நிமிர்ந்து அடிக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. தம்பி வாயைத் திறந்து பாடுகிறான், ஒரு சத்தம் இல்லை.

“விடு, ஓடட்டும்,” என்றாள் அம்மா.

ஓடியது. எரித்தார்கள். ஓலைப் பந்தல் சத்தமில்லாமல் எரிந்து விழுந்தது. வெள்ளைத் துணிக்குள் தம்பி கிடந்தான். அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு நான் வந்தேன். என் மெரூன் சேலை, கையில் செம்பு. துணியை விலக்கினேன், தெளித்தேன், குனிந்தேன். கேமரா பக்கவாட்டில் இருந்தது. என் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. தம்பி கண்ணைத் திறந்தான்.

“பாத்தியாம்மா?” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. “பாத்தியா?”

“வாய்தான் ஆடுது.”

“என்னது?”

“வாய்தான் ஆடுதுங்கிறேன். கூப்புட்ட சத்தம் எங்கடி?”

எனக்கு உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறியது. “ஒன் மகன் பாடுனதும்தான் கேக்கல! தப்பு அடிச்சது கேட்டுச்சா? அதெல்லாம் அடிக்காமயா இருந்தாங்க? இந்தக் கருமம் புடிச்ச பெட்டியில சத்தம் வரலம்மா.”

“தப்பு அடிச்சத ஊரே கேட்டுச்சு. நீ கூப்புட்டத யாரு கேட்டா?”

நான் அத்தையைப் பார்த்தேன். “அத்தை, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. சொல்லுங்க.”

அத்தை முந்தானையைச் சரிசெய்தாள். என்னிடம் ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு, என் வீட்டுப் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, கூசாமல் சொன்னாள். “அந்தத் தப்புச் சத்தத்துல என்னாத்தக் கேட்டோம்? இருந்தாலும் வாழாவெட்டி கையில செம்பக் குடுத்தது தப்புதான். நான் அன்னிக்கே சொன்னேன்.”

நான் அவளை வெளியே போகச் சொன்னேன். இன்றுவரை அவளோடு பேச்சில்லை, அவள் ஜாக்கெட்டையும் தைப்பதில்லை.

அம்மாவிடம் கெஞ்சினேன். “நாளைக்கு ரெண்டு பேரும் டவுனுக்குப் போவோம்மா. நானா கடையில கம்ப்யூட்டர்ல சத்தம் கேக்கும். ஒன் காதால கேளு.”

“நான் எதுக்கு வரணும்? பாத்தாச்சு,” என்றாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் நிதானமாக வேலை செய்வதைப் பார்த்தேன். ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். அவளுக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது. மகனைக் கொன்றது வளைவு இல்லை, பிரேக் இல்லை, நான்.

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அத்தை வாய் சும்மா இருக்கவில்லை என்று. பிள்ளைகளுக்கு யூனிபோர்ம் தைக்கக் கொடுத்திருந்த ஒருத்தி, இன்னும் வெட்டவில்லை என்றால் துணியைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஆள் அனுப்பினாள். கோயிலில் பூசாரி விபூதித் தட்டை எனக்கு நீட்டாமல் அடுத்தவளுக்கு நீட்டினார். என் தம்பி செத்ததற்கு எனக்கு ஒரு சொட்டு அழுகைகூட மிச்சம் வைக்காமல் இவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள் என்று இருந்தது.

ஒரு பௌர்ணமிப் போயா லீவு கழிந்த பிறகு நான் தனியாக நானா கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பாதி வழி பஸ்ஸில் வாய்க்குள்ளேயே திட்டிப் பழகிக்கொண்டு போனேன். அவர் பென் டிரைவை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“படத்த மட்டும்தான் மாத்தினன் தங்கச்சி, சத்தத்த அப்படியே உட்டுட்டன். டி.வி.ல வாற சத்தம் வேற வகை. கம்ப்யூட்டருக்கு அது வெளங்கும். உங்கட பெட்டிக்கு வெளங்காது. இங்க கேட்டிச்சு, அதால சரின்டு நெனச்சிட்டன்.”

“எங்களுக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் வேணும்,” என்றேன். “அதுல நான் ஒரு பேரைச் சொல்லிக் கூப்புடுவேன்.”

அவர் தேடி எடுத்தார். சார்ஜர் வாங்க வந்த ஒருவர் பக்கத்தில் நின்றார், நான் கவலைப்படவில்லை. தப்புச் சத்தம் கடையை நிறைத்தது. நானா இன்னும் கூட்டினார். தப்புக்கு நடுவில் ஒரு பெண் குரல். கிழிந்த குரல், தொண்டை நரம்பு புடைக்கிற குரல். என் தம்பியின் பெயர். மறுபடி. மறுபடி. எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்தது என்று எனக்கே தெரியாது. மெஷினை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளின் குரலா அது?

மூன்றாவது தரத்துக்குப் பிறகு, டி.வி.க்காரர்களின் நீளக் கம்பு மைக் எங்கள் தலைக்கு மேலே இருந்ததால், அன்றைக்கு எனக்குக் கேட்காதது இப்போது கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, பாதிச் சிரிப்போடு, “வந்துட்டேன்க்கா” என்றான்.

கடையில் நின்றபடியே அழுதேன். நானா ஸ்டூலை நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். சார்ஜர்க்காரர் வெளியே போய் நின்றுகொண்டார். செத்துப்போனவன் என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் சொன்ன ஒரு வார்த்தை இத்தனை மாதம் அந்த டிஸ்க்குக்குள்ளே கிடந்திருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி நானா என் போனில் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும் வழி முழுக்க எனக்கு ஒரே வீறாப்பு. அத்தை வீட்டு வாசலில் நின்று போட வேண்டும், கோயிலில் ஸ்பீக்கரில் போட வேண்டும், யூனிபோர்ம்காரி காதில் போட வேண்டும் என்றெல்லாம் வரிசை போட்டேன். முதலில் அம்மா. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

அம்மா கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். “இதக் கேளு,” என்று போனை அவள் காதில் வைத்தேன். அவள் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. தப்புச் சத்தம். என் குரல். அவள் அசைவு நின்றது. இரண்டாவது தரம். மூன்றாவது தரம். தம்பி பேசினான்.

அவள் ஈரக் கையோடு போனை என்னிடமிருந்து வாங்கினாள். “திருப்பிப் போடு,” என்றாள். போட்டேன். இன்னொரு தரம் போடு என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகத்தில் சாயங்கால வெயில் விழுந்திருந்தது. நான் காத்துக்கொண்டிருந்தேன்.

“கூப்புட்டிருக்க,” என்றாள்.

“அதத்தானேம்மா அன்னிக்கிலேருந்து சொல்றேன்.”

“நல்லாத்தான் கூப்புட்டிருக்க.” போனை என் கையில் திருப்பி வைத்தாள். “அக்காங்கிறான்.”

“ஆமா.”

“அம்மான்னு சொல்லல.”

“நீ ஆஸ்பத்திரியில இருந்தியேம்மா. நான்தானே அங்க நின்னேன்.”

அம்மா கூடையை எடுத்துச் சுவரில் மாட்டினாள். தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியை உதறி மடித்தாள். அவளுக்கு அவசரமே இல்லை.

“ஒனக்குத்தான் எழும்பியிருக்கான். அதான் எனக்குத் தங்கல,” என்றாள். “நீ கூப்புடலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் பாரு, அதுவே தேவலாம்டி.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அத்தை வீட்டுக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. அந்தத் துண்டை அதற்குப் பிறகு நான் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. அம்மா தூங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு, காதோடு ஒட்டி வைத்து, சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்கிறேன்.